ஆயில் என்ஜின் பெல்ட்: செட்டிகுளம் வட்டாரக் கிணற்றுப் பாசன வரலாற்றில் ஒரு பகுதி

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்கு மேற்கே அமைந்த ஊர் செட்டிகுளம். ஏகாம்பரேசுவரர் கோயிலும், கையில் கரும்பு ஏந்தி நிற்கும் தண்டாயுதபாணி குடிகொண்ட குன்றும் இவ்வூரின் அடையாளங்கள். வேளாண்மையில் இவ்வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது சின்ன வெங்காயம். அறுவடை செய்த வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறைகளில் சேமித்து, விலை பார்த்து விற்பது இங்குள்ள வழக்கம். ஆற்றுப் பாசனம் இல்லாத இந்த மேட்டு நிலத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் தந்தது கிணறு. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தவை டீசல் என்ஜினும் பம்பும். இரண்டையும் இணைத்தது ஒரு பெல்ட்.

என்ஜினைப் பற்றியும் அணைகளைப் பற்றியும் எழுதியவர்கள் பெல்ட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஆனால் பெல்ட் தளர்ந்தால் தண்ணீர் வராது; அளவுக்கு மீறி இறுகினால் பேரிங் போகும்; ஓடும்போது அதைத் தொட்டால் கை போகும். இக்கட்டுரை அந்த பெல்ட்டின் வரலாற்றையும், அதன் இறுக்கத்தைச் சரியாக வைத்திருக்கும் முறையையும் தொகுத்துக் கூறுகிறது.

கவலை காலம்

என்ஜினுக்கு முன் இப்பகுதிக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தவை ஏற்றமும் கவலையும். கவலை இறைப்பில் இரண்டு மாடுகள் சரிவான பாதையில் கீழ்நோக்கி நடக்கும். வடக்கயிறு உருளை மேல் ஓடி, சாலை மேலே இழுக்கும். சாலின் அடியிலுள்ள தோல் வாலை வால்கயிறு தூக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் அது தளர, தண்ணீர் தொட்டியில் கொட்டும்.

விசையை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோக உருளையும் வளையக்கூடிய வாரும் வேண்டும் என்ற அறிவு கவலை இறைத்த உழவரிடம் முன்பே இருந்தது. இரண்டு கயிற்றின் நீளமும் ஒத்து வராவிட்டால் சால் பாதியிலேயே கொட்டிவிடும் என்பதும் அவர் அறிந்ததே. பின்னாளில் என்ஜின் பெல்ட்டின் இறுக்கத்தைக் கையாலேயே கணிக்கக் கற்றவர்களுக்கு இந்தப் பழக்கம் உதவியிருக்க வேண்டும்.

என்ஜின் வந்த வழி

1890களில் இரண்டு வகை எண்ணெய் என்ஜின்கள் ஐரோப்பாவில் உருவாயின. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் வடிவமைத்த என்ஜினை இங்கிலாந்தின் ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892 முதல் தயாரித்தது. இதைக் கிளப்பும் முன் ஆவியாக்கும் அறையை விளக்கால் சூடாக்க வேண்டும். ருடால்ஃப் டீசல் காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பத்தையே எரிபொருளைப் பற்றவைக்கப் பயன்படுத்தினார். அவருடைய என்ஜின் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடியது.

சென்னை மாகாணத்தில் கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் என்ஜினைப் பயன்படுத்த முனைந்து உழைத்தவர் ஆல்ஃபிரெட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த இவர், 1900களின் தொடக்க ஆண்டுகளில் செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள மெல்ரோசாபுரத்தில் என்ஜினும் பம்பும் வைத்து நீர் இறைக்கும் சோதனைகளை நடத்தினார். பிறகு மாகாணத்தின் தொழில்துறைப் பொறுப்பையும் ஏற்றார். அரசே தொழில்களை முன்னின்று நடத்துவதை இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு 1910இல் ஏற்க மறுத்தார். சாட்டர்டன் சில ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானத்துக்குப் பணி மாறினார். ஆனாலும் கிணற்றடியில் என்ஜின் வைக்கலாம் என்ற எண்ணம் மாகாணத்தில் வேர் பிடித்துவிட்டது.

இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரிலிருந்த லிஸ்டர் நிறுவனம் 1930ஐ ஒட்டிக் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் இந்தியச் சிற்றூர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது. இருபுறமும் கனமான ஃபிளைவீல், கையால் சுற்றிக் கிளப்பும் வசதி, நிமிடத்துக்கு 600 அல்லது 650 சுற்று என்ற நிதானமான ஓட்டம் ஆகியவை அதன் சிறப்புகள். விளக்கால் சூடேற்ற வேண்டியதில்லை. விடுதலையை ஒட்டி 1946இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் தொடங்கப்பட்டது. குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் லிஸ்டர் வடிவத்தைப் பின்பற்றிப் பெருமளவில் என்ஜின்கள் செய்தன. கோயம்புத்தூர் பம்பு உற்பத்திக்குப் பெயர் பெற்றது; அங்கு 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் அந்த வளர்ச்சியில் முக்கிய இடம் வகித்தது.

பெல்ட் ஏன் தேவைப்பட்டது?

மெதுவாக ஓடும் என்ஜினையும் வேகமாக ஓட வேண்டிய சென்ட்ரிபியூகல் பம்பையும் நேராக இணைக்க முடியாது. 650 சுற்று ஓடும் என்ஜினில் 14 அங்குலப் புல்லியையும், பம்பில் 6 அங்குலப் புல்லியையும் மாட்டினால் பம்பு ஏறத்தாழ 1,517 சுற்று ஓடும் (650 × 14 ÷ 6). இந்த வேக மாற்றத்தைக் குறைந்த செலவில் செய்து தந்தது பெல்ட்.

அதே என்ஜினைப் பம்பிலிருந்து கழற்றி, கரும்பு ஆலைக்கோ நெல் அரைக்கும் ஹல்லருக்கோ மாட்டவும் பெல்ட்டே வழி செய்தது. ஊர் ரைஸ் மில்களில் ஒரே என்ஜின் நீண்ட ஷாஃப்டைச் சுழற்ற, அதிலிருந்து பல பெல்ட்கள் பல எந்திரங்களுக்கு இறங்கின. ஒவ்வோர் எந்திரத்திலும் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் புல்லி ஒன்றும், சும்மா சுழலும் புல்லி ஒன்றும் அருகருகே இருக்கும். பெல்ட்டைச் சும்மா சுழலும் புல்லிக்குத் தள்ளினால் அந்த எந்திரம் மட்டும் நிற்கும்.

தட்டை பெல்ட்டும் கைவித்தையும்

தொடக்கத்தில் வந்தவை தட்டை பெல்ட்கள். தோல், ரப்பர் பூசிய கான்வாஸ், மயிரிழை ஆகியவற்றால் ஆனவை. அவற்றைப் பராமரித்தவர்கள் சில விதிகளை அனுபவத்தால் கடைப்பிடித்தனர். அவை ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு.

புல்லியின் விளிம்பு நடுவில் சற்று மேடாக இருக்கும். ஓடும் தட்டை பெல்ட் புல்லியின் உயர்ந்த பகுதியை நோக்கி ஏறும் இயல்புடையது. எனவே மேடு நடுவில் இருந்தால் பெல்ட் விலகாது. தோல் பெல்ட்டின் மயிர்ப்புறம், அதாவது வழவழப்பான பக்கம், புல்லியைத் தொட வேண்டும். அப்போதுதான் பிடிப்பு அதிகம். இழுக்கும் பக்கம் கீழேயும் தளர்ந்த பக்கம் மேலேயும் இருக்குமாறு என்ஜினை வைக்க வேண்டும். மேல்பக்கம் தொய்யும்போது பெல்ட் புல்லியை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சுற்றி அணைக்கும்.

தோல் ஈரத்தில் நீளும். பருத்தி ஈரத்தில் சுருங்கும். ஐப்பசி மழையில் ஓடிய பெல்ட்டும் சித்திரை வெயிலில் ஓடிய பெல்ட்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கவில்லை. நீண்ட தோல் பெல்ட்டை அறுத்து, ஒரு துண்டை நீக்கி, வார் கொண்டு மீண்டும் தைப்பார்கள். அல்லது உலோகக் கொக்கியால் இணைப்பார்கள். நழுவினால் குங்கிலியப் பொடி தூவுவதும் உண்டு. அது அப்போதைக்குப் பிடிப்பைத் தந்தாலும், நாளடைவில் பெல்ட்டின் மேற்பரப்பைக் கெட்டியாக்கி வெடிக்கச் செய்யும்.

இறுக்கத்தின் கணக்கு

பெல்ட் புல்லியை இழுப்பது உராய்வினால். பெல்ட்டின் இழுக்கும் பக்கத்து இழுவிசைக்கும் தளர்ந்த பக்கத்து இழுவிசைக்கும் உள்ள வேறுபாடுதான் வேலை செய்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் பெல்ட் நழுவும். அந்த எல்லை உராய்வுக் குணகத்தையும், பெல்ட் புல்லியைச் சுற்றியுள்ள கோணத்தையும் பொறுத்தது. கணித மேதை ஆய்லரும், பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டெல்வைனும் வகுத்த இந்த விதி இன்றும் பொறியியல் பாடத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன என்ஜினையே எடுத்துக்கொள்வோம். 14 அங்குலப் புல்லி 650 சுற்று ஓடினால் பெல்ட்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர். 6 குதிரைத்திறனைக் கடத்த, இரு பக்க இழுவிசைகளின் வேறுபாடு சுமார் 38 கிலோ எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.3 என்றும், பெல்ட் புல்லியின் பாதிச் சுற்றை அணைக்கிறது என்றும் கொண்டால், விகிதத்தின் எல்லை ஏறத்தாழ 2.5. அப்படியானால் தளர்ந்த பக்கம் 25 கிலோ, இழுக்கும் பக்கம் 63 கிலோ. பேரிங் தாங்க வேண்டியது மொத்தம் 88 கிலோ.

பெல்ட்டைத் தளர்வாக மாட்டி மொத்தம் 60 கிலோ மட்டுமே இருந்தால் என்னவாகும்? அதே விகிதத்தில் வேறுபாடு 26 கிலோவுக்கு மேல் வராது. அதாவது ஆறு குதிரை என்ஜினிலிருந்து நான்கு குதிரைதான் பம்புக்குப் போய்ச் சேரும். அதற்கு மேல் கேட்டால் பெல்ட் நழுவும்.

நழுவினால் நட்டம் வெறும் வேகக் குறைவோடு நிற்பதில்லை. சென்ட்ரிபியூகல் பம்பு தண்ணீரை ஏற்றும் உயரம், அதன் வேகத்தின் இருமடிப்படி மாறும். வேகம் 10 விழுக்காடு குறைந்தால் உயரம் 19 விழுக்காடு குறையும். 20 மீட்டர் ஏற்றிய பம்பு 16 மீட்டருக்கு மேல் ஏற்றாது. பம்பு ஓடுகிறது, டீசல் எரிகிறது, வாய்க்காலில் மட்டும் தண்ணீர் இல்லை என்ற நிலைக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு கேடும் உண்டு. பாசன என்ஜின்கள் பலவற்றில், பம்பு இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியே சிறு குழாய் வழியாக என்ஜினைக் குளிரச் செய்யும். பெல்ட் நழுவித் தண்ணீர் குறைந்தால் என்ஜினும் சூடேறும். டிராக்டர், லாரி என்ஜின்களில் ரேடியேட்டர் விசிறியையும் நீர்ப் பம்பையும் ஓட்டும் பெல்ட் தளர்ந்தாலும் விளைவு இதேதான்.

வி பெல்ட்

பெல்ட்டின் பக்கங்களைச் சரிவாக்கி, புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போலப் பொருந்தச் செய்தால் குறைந்த இறுக்கத்திலேயே நல்ல பிடிப்பு கிடைக்கும். அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பரால் ஆன வி பெல்ட்டை உருவாக்கினார். அது முதலில் மோட்டார் வாகனங்களில் பயன்பட்டது. 1920களின் நடுவில் ஆலிஸ்-சாமர்ஸ் நிறுவனத்தின் வால்டர் கைஸ்ட், பல பெல்ட்கள் பக்கம் பக்கமாக ஓடும் அமைப்பைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றவாறு கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் மதுரையிலுள்ள ஃபென்னர் ஆலையின் பெல்ட்கள் பரவலாக அறியப்பட்டவை. அதன் மூல நிறுவனம் 1861இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் தோல் பெல்ட் செய்யத் தொடங்கியது.

பள்ளத்தின் கோணம் 38 பாகை என்றால், பக்கங்களில் ஏற்படும் பிடிப்பு தட்டை பெல்ட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே விகிதத்தை 5 என்று பாதுகாப்பாக வைத்துக்கொண்டாலும், முன் சொன்ன 38 கிலோவைப் பெற பேரிங் மேல் விழும் பளு 57 கிலோ அளவில் நின்றுவிடும். புல்லிகளை நெருக்கமாக வைக்கலாம். என்ஜின் கொட்டகையும் சிறிதாகும். தைப்பு இல்லாததால் தட்டும் ஓசையும் இல்லை. கடையில் ஏ, பி, சி என்று பிரிவு சொல்லிக் கேட்பது இந்த வகைதான்: ஏ பிரிவின் மேல் அகலம் 13 மி.மீ., பி 17 மி.மீ., சி 22 மி.மீ. எழுத்தை அடுத்து வரும் எண், வழக்கமாக உள்சுற்று நீளத்தை அங்குலத்தில் குறிக்கும்.

வி பெல்ட்டை அறுத்துத் தைக்க முடியாது. ஆகவே இறுக்கும் முறை மாறியது. என்ஜின் அல்லது மோட்டார் நிற்கும் சட்டத்தில் நீள்துளைகள் வந்தன; போல்ட்டைத் தளர்த்தி, எந்திரத்தை நகர்த்தி, மீண்டும் முடுக்க வேண்டும்.

இறுக்கம் பார்க்கும் முறை

1. என்ஜினை முழுவதும் நிறுத்திய பிறகே பெல்ட் அருகே செல்ல வேண்டும். மோட்டார் என்றால் சுவிட்சை அணைத்து, ஃபியூசையும் கழற்றி வைக்க வேண்டும்.

2. இரு புல்லிகளும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரு நூலை இரு புல்லிகளின் முகப்பையும் ஒட்டி இழுத்துப் பிடித்தால் நான்கு இடங்களிலும் தொட வேண்டும். தொடாவிட்டால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேயும்.

3. பெல்ட்டின் பக்கங்களையும் புல்லியின் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். பக்கம் கண்ணாடி போல மின்னினால் நழுவியிருக்கிறது என்று பொருள். பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டால் ஆப்புப் பிடிப்பு போய்விட்டது. பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது.

4. இரு புல்லிகளுக்கு நடுவில் பெல்ட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். புல்லிகளுக்கு இடையே தொங்கும் நீளம் ஒரு மீட்டர் என்றால் சுமார் 16 மி.மீ. அமுங்குவது சரியான அளவு. அதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர் அட்டவணை சொல்லும். வாகன என்ஜினின் விசிறி பெல்ட்டில், கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. அமுங்குவது பொதுவான அளவு.

5. புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் நீண்டு பள்ளத்தில் படியும். ஒருநாள் ஓடியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

6. பல பெல்ட்கள் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையவை நீண்டிருக்கும், பளு முழுவதும் புதியதன் மேல் விழும்.

7. பெல்ட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. உள்ளே இருக்கும் இழைகள் அறும். எந்திரத்தை நகர்த்தித் தளர்த்திய பிறகே மாட்ட வேண்டும்.

கிளப்பும்போது கீச்சென்ற ஒலி, ரப்பர் கருகும் வாடை, புல்லியைச் சுற்றிக் கரும்பொடி ஆகியவை தளர்வின் அறிகுறிகள். பேரிங் சூடாவதும் உறுமுவதும் மிகை இறுக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம்.

கிணறு ஆழமானபோது

பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடினப் பாறை நிலம். நீர் பாறை வெடிப்புகளில்தான் தங்கும். நீர்மட்டம் இறங்கியதும் பம்புக்கு ஒரு சிக்கல் வந்தது. காற்றழுத்தத்தின் துணையால் பம்பு தண்ணீரை உறிஞ்சக்கூடிய உயரம் கொள்கையளவில் 10.3 மீட்டர், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான். எனவே பாறைக் கிணறுகளின் உட்சுவரில் திட்டு அமைத்துப் பம்பைக் கீழே இறக்கினார்கள். பஞ்சாப் சமவெளியிலும் குழி தோண்டிப் பம்பை இறக்கி, மேலே நிற்கும் எந்திரத்திலிருந்து நீண்ட பெல்ட் கொடுத்த காலம் உண்டு.

குறுகிய இடத்தில் ஓடும் பெல்ட்டைச் சரிசெய்வது ஆபத்தான வேலை. டீசல் என்ஜினையே உள்ளே இறக்கினால் புகையில் உள்ள நச்சு வாயுவும் தேங்கும். பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தபோது, காற்றைச் செலுத்தி நீரைத் தள்ளும் கம்ப்ரசர்கள் வந்தன. அவையும் பெல்ட்டில் ஓடுபவையே.

விபத்தும் சட்டமும்

ஓடும் பெல்ட்டும் புல்லியும் சந்திக்கும் இடம் மிக ஆபத்தானது. நொடிக்கு 12 மீட்டர் ஓடும் பெல்ட், வேட்டி நுனியையோ முந்தானையையோ சடையையோ பற்றினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதைத் தெளிவாக உணர்ந்து எழுதப்பட்டது. ஓடும் எந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஓடும் எந்திரத்தின் அருகே, தவிர்க்க முடியாத வேலையை, உடலோடு ஒட்டிய உடை அணிந்த பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யலாம் என்றது. 15 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பெல்ட்டை ஓடும் புல்லியில் கையாளக் கூடாது, பெல்ட்டின் இணைப்பு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, பயன்படாத பெல்ட் சுழலும் ஷாஃப்டின் மேல் கிடக்கக் கூடாது என்றெல்லாம் நுணுக்கமாக விதித்தது.

ஆனால் விசையால் இயங்கும் இடமானால் குறைந்தது 10 தொழிலாளர்கள் இருந்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. ஒரு குடும்பம் நடத்தும் கிணற்றடிக் கொட்டகை அந்த வரையறைக்குள் வரவில்லை. கதிரடிக்கும் எந்திரங்களில் கை இழந்தோர் பலரான பின்னர், 1983இல் ஆபத்தான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணற்றடி பெல்ட்டுக்கு எந்த ஆய்வாளரும் வரவில்லை. பாதுகாப்பு முழுவதும் அவரவர் கவனத்தையே நம்பி இருந்தது. இரும்புக் கம்பி வலையால் ஆன ஒரு தடுப்பு, புதிய பெல்ட்டைவிட அதிகச் செலவு பிடிக்காத பொருள். ஆயினும் பல கொட்டகைகளில் அது இருப்பதில்லை.

மின்சாரமும் பிறகும்

1950களுக்குப் பின் தமிழகச் சிற்றூர்களில் மின்மயமாக்கல் வேகம் பெற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. டீசலில் இறைப்பது பளுவாயிற்று. 1990 வாக்கில் தமிழகத்தில் உழவர் பம்பு செட்டுகளுக்கு இலவச மின்சாரம் பரவலானது. மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் அமைந்த மோனோபிளாக் வகைக்கும், நீரில் மூழ்கி ஓடும் வகைக்கும் பெல்ட் தேவையில்லை. அத்தோடு கிணற்றடி பெல்ட்டின் காலம் பெரிதும் முடிந்தது.

முழுவதும் முடிந்துவிடவில்லை. மின்தடையின்போது டீசல் என்ஜின் துணைக்கு வருகிறது. கம்ப்ரசர், மாவு மில், மக்காச்சோளம் உதிர்க்கும் எந்திரம், டிராக்டரின் ரேடியேட்டர் விசிறி எல்லாவற்றிலும் பெல்ட் ஓடுகிறது. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்தோடு மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெயர் பெற்றது. அறுவடைக் காலத்தில் ஓடும் எந்திரங்களின் பக்கவாட்டில் அதே வி பெல்ட்களைக் காணலாம். அவற்றை அழுத்திப் பார்க்கும் அளவு மாறவில்லை: மீட்டருக்கு 16 மில்லிமீட்டர், எந்திரம் நின்ற பிறகு.